நடைமுறைக் கணக்கிற்கு வட்டி தருகிறார்களாம்! மாறுவது இலாபமா?

ஒரு வியாழக்கிழமை லுஹர் தொழுதுவிட்டுக் கடைக்கு வந்து அமர்ந்திருந்தேன். எமது வங்கிக் கிளையின் இளம் உத்தியோகத்தர் ஒருவர் கையில் ஒரு பத்திரத்துடன் வந்தார். வழமையாக நான்தான் வங்கிக்குப் போவேன். வங்கி என்னைத் தேடி வந்தது அன்றுதான்.

"ஹாஜியார், உங்கட நடைமுறைக் கணக்குல நல்ல மீதி கிடக்குது. அதுக்கு ஒரு சதமும் கிடைக்கிறதில்ல. புதுக் கணக்குக்கு மாறினா மாசா மாசம் வட்டி வரும். செக் புத்தகமும் உண்டு. ஒரு கையொப்பம் போட்டால் சரி" என்றார்.

பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். அவர் படியிறங்கவில்லை, பக்கத்தில் நின்ற மகன் கேட்டுவிட்டான்.

"என்ன வாப்பா யோசிக்க ஈக்கி? சும்மா கெடக்குற சல்லிதானே. நாங்க எடுக்காட்டி வங்கிக்குத்தானே லாபம்?"

அவன் கேட்டதில் நியாயம் இல்லாமலில்லை. 2022 இல் நாடு பட்ட பாட்டை வியாபாரிகள் எவரும் மறந்திருக்க மாட்டோம். சரக்கு விலை ஒரே வருடத்தில் இரண்டு மடங்கானது. வாடிக்கையாளர் கை சுருங்கியது. அதன் பின்னர் ஒவ்வொரு ரூபாவையும் எண்ணித்தான் கடை நடத்துகிறோம். அக்குறணையில் 26 வருடமாக இரும்புக்கடை நடத்தும் எனக்கே இந்த நிலை என்றால், நேற்றுக் கடை திறந்த தம்பிமாரின் நிலை எப்படியிருக்கும்?

ஆகவே மகனுக்கு உடனடியாகப் பதில் சொல்லவில்லை. "வா, இரவு உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்" என்றேன். அந்த இரவு நாம் பார்த்த கணக்கைத்தான் வர்த்தக சகோதரர்களோடு இங்கே பகிர்ந்துகொள்கிறேன். இதே பத்திரம் உங்கள் கடைக்கும் வரலாம், அல்லது ஏற்கனவே வந்திருக்கலாம்.

சிறிய எழுத்தில் இருந்தவை

பத்திரத்தின் முன்பக்கத்தில் வட்டி வீதம் பெரிய எழுத்தில் இருந்தது. நிபந்தனைகள் பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் இருந்தன. எனது மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

மீதி 25 இலட்சம் வரை 2 வீதமும், அதற்கு மேலிருந்தால் 3 வீதமும் வருட வட்டி. மாதத்தில் ஒரு நாளேனும் மீதி 5 இலட்சத்திற்குக் கீழே இறங்கினால் அந்த மாதத்திற்கு வட்டி கிடையாது. வட்டி இல்லை என்பது மட்டுமல்ல, அந்த மாதத்திற்கு 500 ரூபா சேவைக் கட்டணமும் வெட்டப்படும். இப்போதுள்ள கணக்கில் அந்தக் கட்டணம் எனக்கில்லை. இவை எனக்கு வந்த பத்திரத்தின் விபரங்கள். வங்கிக்கு வங்கி இவை மாறும். ஆனால் வட்டி வீதம், குறைந்தபட்ச மீதி, கட்டணம் ஆகிய மூன்றும் ஏதோவொரு வடிவில் எல்லாப் பத்திரங்களிலும் இருக்கும்.

இதிலே முக்கியமானது "ஒரு நாளேனும்" என்ற சொல்தான். எனது கணக்கில் சராசரியாக எவ்வளவு இருக்கிறது என்று வங்கி பார்த்திருக்கிறது. எந்த நாளில் எவ்வளவு குறைகிறது என்பதை நானல்லவா பார்க்க வேண்டும்?

சிவப்புப் பேனாவும் 12 மாதக் கூற்றும்

கடந்த 12 மாதங்களின் கணக்குக் கூற்றுகளை மேசையில் பரப்பினோம். ஒவ்வொரு மாதத்திலும் மிகக் குறைந்த மீதி எதுவோ அதைச் சுற்றி மகன் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டான்.

நான் சரக்கெடுப்பது கொழும்பு பழைய சோனகத் தெருவில். பெயின்ட், குழாய், ஆணி, கூரைத் தகடு எல்லாம் 60 நாள் பின்திகதியிட்ட காசோலைக்குத்தான் வரும். அந்தக் காசோலைகள் பெரும்பாலும் 5 ஆம் திகதிக்கும் 10 ஆம் திகதிக்கும் இடையிலும், மீண்டும் 20 இற்குப் பின்னரும் வங்கிக்கு வந்து விழும். அந்த நாட்களில் மீதி இரண்டு இலட்சத்திற்கும், சில வேளை ஒன்றரை இலட்சத்திற்கும் இறங்கியிருந்தது. பின்னர் விற்பனைக் காசு சேர்ந்து மறுபடி மேலே வந்திருந்தது.

வட்டங்களை எண்ணினோம். 12 மாதங்களில் 7 மாதங்களில் மீதி 5 இலட்சத்திற்குக் கீழே போயிருந்தது. வட்டிக்குத் தகுதி பெறுவது 5 மாதங்கள் மாத்திரமே.

அந்த 5 மாதங்களில் சராசரி மீதி ஏறக்குறைய 9 இலட்சம். அதற்கு 2 வீத வருட வட்டி என்றால் மாதத்திற்கு 1,500 ரூபா. 5 மாதத்திற்கு 7,500 ரூபா. இதிலிருந்து முற்பண வருமான வரி கழிய வேண்டும். 2023 ஜனவரியில் 5 வீதமாக மீண்டும் வந்த இந்த வரி, 2025 ஏப்ரல் முதல் 10 வீதமாக்கப்பட்டது. ஆகவே 750 ரூபா போக மிஞ்சுவது 6,750 ரூபா. மற்ற 7 மாதங்களுக்குச் சேவைக் கட்டணம் 3,500 ரூபா. அதையும் கழித்தால் கையில் நிற்பது 3,250 ரூபா.

வருடம் முழுவதற்கும் 3,250 ரூபா! மாதத்திற்கு 271 ரூபா கூட இல்லை. மகன் பேனாவை மூடி வைத்தான்.

பூட்டி வைத்தால்?

ஆனாலும் அவன் விடவில்லை. "அப்ப 5 இலட்சத்தை ஒரேயடியா வச்சிட்டு, அதுக்கு மேலால மட்டும் பாவிச்சா?" என்று கேட்டான்.

சரி, அதையும் பார்த்தோம். 5 இலட்சத்தை வருடம் முழுவதும் தொடாமல் வைத்தால் 2 வீதப்படி 10,000 ரூபா. வரி போக 9,000 ரூபா. அந்த 5 இலட்சத்தை எங்கிருந்து எடுப்பது? கடையில் சரக்கைக் குறைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு வாடிக்கையாளர் வந்து கேட்கும் அளவில் குழாய் இல்லாவிட்டால், அவர் குழாயோடு சேர்த்து வாங்கவிருந்த மூட்டு, பசை, தண்ணீர்த் தாங்கி எல்லாவற்றையும் அடுத்த கடையில்தான் வாங்குவார்.

இதே 5 இலட்சத்தை வேறொரு விதமாகப் பாவித்தால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. பழைய சோனகத் தெருவில் எனக்குச் சரக்குத் தரும் மொத்த வியாபாரிகள், 60 நாள் காசோலைக்கு ஒரு விலை, கைக்காசுக்கு 2 வீதம் குறைந்த விலை என்று வெளிப்படையாகவே சொல்வார்கள். இத்தனை வருடமாக அதை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. 5 இலட்சத்திற்குக் கைக்காசுக்கு எடுத்தால் ஒரு தடவைக்கு 10,000 ரூபா மிச்சம். இரண்டு மாதத்தில் அச்சரக்கு விற்றுக் காசு திரும்பி வந்தால், வருடத்தில் 6 தடவை எடுக்கலாம். 60,000 ரூபா.

வங்கியில் பூட்டி வைத்தால் 9,000. சரக்கில் சுழன்றால் 60,000. அதுவும் வியாபாரத்தில் வந்த காசு.

இதில் மார்க்க ரீதியாகக் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. கைக்காசு விலையா, தவணை விலையா என்பதைப் பேரம் முடியும்போதே ஒன்றாகத் தீர்த்துவிட வேண்டும். தவணை விலைக்கு இணங்கிச் சரக்கை எடுத்துவிட்டு, பின்னர் காசு பிந்துகிறது என்பதற்காக மேலதிகமாகக் கேட்பதும் கொடுப்பதும் வேறு விடயம். அது ரிபாவின் வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

கடைசியாகப் பார்த்தது, முதலில் பார்த்திருக்க வேண்டியது

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கணக்கெல்லாம் பார்ப்பதற்கு முன்பே எனது மனதில் ஒரு பதில் இருந்தது. ஆயினும் மகனின் கேள்விக்கு "ஹராம்" என்ற ஒற்றைச் சொல்லால் பதில் சொல்லி அவனது வாயை மூட நான் விரும்பவில்லை. அப்படி மூடப்பட்ட வாய்கள் எமது காலத்திற்குப் பின்னர் திறந்துகொள்ளும்.

மறுநாள் ஜும்ஆவிற்குப் பின் இருவருமாக ஒரு மௌலவியிடம் போனோம். அவர் அமைதியாக விளக்கினார்.

நடைமுறைக் கணக்கில் நாம் போடும் காசு வங்கிக்குக் கொடுக்கும் கடனாகும். அதை வங்கி பாவிக்கிறது, கேட்ட நேரத்தில் முழுமையாகத் திருப்பித் தரப் பொறுப்பேற்கிறது. கொடுத்த கடனுக்கு மேல் நிபந்தனையிட்டு எடுக்கும் எந்த மேலதிகமும் ரிபா. அது 2 வீதமானாலும் 20 வீதமானாலும் ஒன்றே. அல்பகரா அத்தியாயத்தின் 275 ஆம் வசனம் முதல் வருவன வியாபாரத்தையும் ரிபாவையும் வெவ்வேறாகப் பிரித்துக் காட்டுகின்றன. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமியும் வங்கி வட்டி ரிபாவே எனத் தீர்மானித்தது.

மகன் தனது கேள்வியை அங்கும் கேட்டான். "நாங்க எடுக்காட்டி வங்கிதானே லாபம் எடுக்குது மௌலவி?"

மௌலவி சிரித்தார். "தம்பி, நீங்க எடுக்காதது அவங்களுக்கு லாபமா இருந்தா, அதுக்குப் பரிகாரம் நீங்களும் எடுக்கிறதல்ல. தேவைக்கு மேல அங்க வைக்காம இருக்கிறதுதான். வியாபாரி காசு வியாபாரத்துல இருக்கணும்."

முந்திய இரவு கணக்குப் புத்தகம் சொன்னதும் அதேதான்.

இங்கே ஒரு விடயத்தை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கணக்கு எனது பக்கம் இருந்தது எனக்கு இலேசாகிவிட்டது. எல்லோருக்கும் அப்படியல்ல. மீதி ஒருபோதும் 40 இலட்சத்திற்குக் கீழே இறங்காத ஒரு வியாபாரியை எடுத்துக்கொள்ளுங்கள். 3 வீதப்படி அவருக்கு வருடத்திற்கு 1,20,000 ரூபா. வரி போனாலும் 1,08,000 ரூபா. வெறும் கணக்காகப் பார்த்தால், மாறுவது அவருக்கு இலாபம்தான். அதை மறைத்துவிட்டு "வட்டியில் பரக்கத் இல்லை, ஆகவே நட்டம்தான்" என்று மட்டும் எழுதினால் அவர் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். அவருக்குச் சொல்வது இதுதான்: உங்களுக்குத்தான் உண்மையான சோதனை. விலை கொடுத்து விட வேண்டியதை விடுவதற்குத்தான் பேணுதல் என்று பெயர்.

மாற்று வழி உண்டா?

நிச்சயமாக உண்டு. ஒரு காலத்தில் இல்லாதிருந்தது. 1997 இல் அமானா இன்வெஸ்ட்மென்ட்ஸ் தொடங்கியபோது வட்டியில்லா முறையைப் பலர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். 2005 இன் வங்கிச் சட்டத் திருத்தம் வழி திறந்தது. 2011 ஆகஸ்டில் அமானா வங்கி முழுமையான இஸ்லாமிய வர்த்தக வங்கியாகச் செயற்படத் தொடங்கியது. இன்று வட்டி முறையில் இயங்கும் பல வர்த்தக வங்கிகளும் தனியான இஸ்லாமிய அலகுகளை நடத்துகின்றன.

ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் கையொப்பமிட வேண்டாம். இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, நடைமுறைக் கணக்கு எந்த அடிப்படையில் நடத்தப்படுகிறது? கர்ழ் அல்லது வதீஆ என்றால் காசு பத்திரமாக இருக்கும், ஆனால் வருமானம் எதிர்பார்க்க முடியாது. வங்கி தானாக விரும்பி ஹிபாவாக ஏதும் தரலாம். முன்கூட்டியே வீதம் சொல்லி வாக்களித்தால் அது ஹிபா அல்ல.

இரண்டாவது, இலாபம் வேண்டுமானால் முழாரபா கணக்கு உண்டா? அதில் இலாபத்தை எந்த விகிதத்தில் பகிர்வது என்பதே முன்கூட்டிச் சொல்லப்படும். எத்தனை ரூபா என்பது காலம் முடிந்த பிறகுதான் தெரியும். இலாபம் கூடலாம், குறையலாம். முழாரபாவின் சட்டப்படி நட்டம் முதலைச் சாரும் என்பதையும் அறிந்தே இறங்க வேண்டும்.

மூன்றாவது, காசு தேவைப்படும் அன்றே கிடைக்குமா? கிளை எத்தனை மைல் தூரம்? காசோலைப் புத்தகம், இணையவழிப் பரிமாற்றம் எல்லாம் உண்டா?

நான்காவது, வைப்புக் காப்புறுதி. மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளில் ஒரு வைப்பாளருக்கு ஒரு வங்கியில் 11 இலட்சம் ரூபா வரையே காப்புறுதி உண்டு. 2021 இல்தான் இந்தத் தொகை 6 இலட்சத்திலிருந்து உயர்த்தப்பட்டது. அனுமதியில்லாத இடங்களில் கூடுதல் இலாபம் என்று கேட்டுப் பணத்தைப் போட்டுக் கைகழுவியவர்கள் எமது ஊர்களில் குறைவா?

செக் திரும்பினால் பெயரும் திரும்பும்

அவ்வாறு ஏமாந்தவர்களைக் குறை சொல்லுமுன் எனது கதையையும் சொல்ல வேண்டும். பல வருடங்களுக்கு முன் இலாபப் பங்கீடு தருவதாகச் சொன்ன ஓரிடத்தில் 4 இலட்சம் ரூபாவைப் போட்டேன். நடைமுறைக் கணக்கில் சும்மா கிடந்த காசு என்றுதான் அன்று நானும் நினைத்தேன். எடுக்க வேண்டுமானால் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கவனிக்கவில்லை. அதே மாதத்தில் விற்பனை விழுந்தது. கொழும்புக்குக் கொடுத்திருந்த ஒரு காசோலை காசில்லாமல் திரும்பியது.

மொத்த வியாபாரி கோபப்படவில்லை. தொலைபேசியில் மெதுவாகச் சொன்னார்: "நானா, செக் திரும்பிட்டு. நான் ஒண்டும் சொல்லல்ல. ஆனா அடுத்த லோட் கைக்காசுக்குத்தான்."

பத்து வருடமாக ஒரு வார்த்தையில் சரக்கேற்றி அனுப்பியவர் அவர். அந்த நம்பிக்கையை மீட்க எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. எனது 4 இலட்சம் பின்னர் திரும்பக் கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பை மறக்க முடியவில்லை.

அக்காலத்தில் அக்குறணையில் கொடுத்த காசோலை கொழும்பில் மாறிவரப் பல நாட்கள் எடுக்கும். அந்த இடைவெளியில் நாமும் காசைத் தேடிப் போட்டுவிடுவோம். 2006 இல் காசோலையின் படத்தை அனுப்பித் தீர்க்கும் முறை வந்தபின் அந்த வாய்ப்புப் போய்விட்டது. இன்று போட்ட காசோலை அடுத்த வேலைநாளில் உங்கள் கணக்கைத் தட்டும். கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை கொடுப்பது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவிடல் சட்டத்தின் கீழ் குற்றமுமாகும். ஆகவே நடைமுறைக் கணக்கின் வேலை வருமானம் தருவதல்ல. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதுதான்.

நாங்கள் எடுத்த முடிவு

புதுக் கணக்கிற்கு மாறவில்லை. மாறியிருந்தால் இன்னொரு சிக்கலும் இருந்தது. அன்றைய திகதியில் நான் கொடுத்து வெளியிலிருந்த பின்திகதிக் காசோலைகள் 31. அவை எல்லாம் பழைய கணக்கு இலக்கத்தில். இரண்டு மாதத்திற்கு இரண்டு கணக்குகளிலும் காசு வைக்க வேண்டியிருந்திருக்கும். கடைப் பற்றுச்சீட்டில் அச்சிட்ட கணக்கு இலக்கத்தையும் மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

அதற்குப் பதிலாக மூன்று காரியங்கள் செய்தோம்.

காசோலைகளுக்கென ஒரு நாட்குறிப்பை மகனிடம் ஒப்படைத்தேன். அடுத்த 10 நாட்களில் விழவிருக்கும் காசோலைகளின் மொத்தத் தொகையையும், அதன் அரைவாசியையும் சேர்த்துக் கணக்கில் வைக்கிறோம். அதற்கு மேலுள்ளது மாத்திரமே சுழலும். மிஞ்சியதைக் கைக்காசுக் கொள்வனவுக்கு எடுக்கிறோம். முதல் தடவை 2 இலட்சம், இப்போது 3 இலட்சம். 5 இலட்சத்திற்கு இன்னும் போகவில்லை, அவசரமும் இல்லை. 3 இலட்சம் ஆறு தடவை சுழன்றால் வருடத்திற்கு 36,000 ரூபா. மூன்றாவதாக, ஓர் இஸ்லாமிய அலகில் நடைமுறைக் கணக்கொன்றைத் திறந்து, புதிய காசோலைகளை அதிலிருந்தே எழுதுகிறோம். பழைய காசோலைகள் தீர்ந்தபின் பழைய கணக்கை மூடும் எண்ணம்.

பழைய கூற்றுகளைப் புரட்டியபோது, எப்போதோ திறந்து மறந்துபோன ஒரு சேமிப்புக் கணக்கில் வட்டி சேர்ந்திருந்ததையும் கண்டோம். மௌலவியிடம் கேட்டு, நன்மையை எதிர்பாராமல் அத்தொகையை ஒரு ஏழைக் குடும்பத்தின் கடனைத் தீர்க்கக் கொடுத்துவிட்டுக் கணக்கை மூடினோம். உங்களிடமும் அப்படியொன்று கிடக்கலாம், தேடிப் பாருங்கள்.

வங்கி உத்தியோகத்தர் பதில் கேட்டு மறுபடி வந்தார். தேநீர் கொடுத்து, வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார். மகன் முந்திக்கொண்டு அந்தச் சிவப்பு வட்டமிட்ட கூற்றுகளை எடுத்துக் காட்டினான். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இப்படி ஒருத்தரும் பார்க்கிறதில்ல ஹாஜியார்" என்றார்.

வர்த்தக சகோதரர்களே, நாமும் பார்க்காமல் இருக்க வேண்டாம். பத்திரத்தில் கையொப்பமிடுமுன் 12 மாதக் கூற்றையும் ஒரு சிவப்புப் பேனாவையும் எடுத்துக்கொண்டு ஓரிரவு உட்காருங்கள். முடியுமானால் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடை நாளை அவன் கைக்குத்தான் போகப் போகிறது.